பிரசவ ஆஸ்பத்திரி நூலகமானதும் நான் அண்ணனானதும்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அங்கே நீயும் உன் மனைவியும் (இனி அவள் எனக்கு அண்ணி இல்லை) நலமாக இருக்க வேண்டும். 'தம்பி' என்று படித்ததும் எனக்குப் புத்தி பிசகிவிட்டதாக நினைக்காதே. உட்கார்ந்து படி.

நாம் இரட்டையராகப் பிறந்த பழைய பிரசவ ஆஸ்பத்திரியைப் பொது நூலகமாக மாற்றியிருக்கிறார்கள் அல்லவா, அதன் வரலாற்றை வாசல் பலகைக்கு எழுதித் தரும்படி ஓய்வுபெற்ற நில அளவையாளனான என்னைக் கேட்டார்கள். கேட்டதுதான் தாமதம், கிளம்பிவிட்டேன். கட்டடம் முதலில் துணிக் கிடங்காம், அப்புறம் ஆஸ்பத்திரி, அப்புறம் இருபது வருஷம் வெறும் பூட்டு. பிரசவ அறைதான் இப்போது குழந்தைகள் பிரிவு. சத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது. மருந்து கொடுத்த சன்னலில் புத்தகம் கொடுக்கிறார்கள். பழக்கதோஷத்தில் ஒரு பெரியவர், "சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று கேட்டாராம். இதையெல்லாம் நான் குறித்துக்கொண்டிருந்தபோது தச்சர் ஒரு சுவர் அலமாரியைப் பெயர்த்தார். பின்னாலிருந்து பொத்தென்று விழுந்தது நாம் பிறந்த வருஷத்துப் பதிவேடு. அவசரமாகப் புரட்டினேன். நம் பிறந்த நாள், அம்மா பெயர், இரட்டை ஆண் குழந்தைகள். முதல் குழந்தை இரண்டே முக்கால் கிலோ, இரண்டாவது ஒன்றே முக்கால். குண்டுக் குழந்தை நான், நோஞ்சான் நீ என்பது சொந்தபந்தம் முழுக்கத் தெரிந்த சங்கதி. அப்படியானால் யார் மூத்தவன்?

நான் போட்ட கூச்சலில் நூலகர் அம்மா ஓடி வந்தார்.

"சார், மெதுவா பேசுங்க. இது லைப்ரரி."

"நான் பொறந்ததே இங்கதாம்மா. அன்னைக்குக் கத்தினப்ப யாரும் தடுக்கலையே" என்றேன்.

அறுபத்து மூன்று வருஷம். பஸ்ஸில் சன்னல் சீட்டு உனக்கு, மின்விசிறிக்கு நேர் கட்டில் உனக்கு, புதுச் சட்டையில் முதல் தேர்வு உனக்கு, முதுகில் அறை மட்டும் எனக்கு. போனது போகட்டும், பெரிய மனசோடு மன்னிக்கிறேன். ஆனால் அடுத்த வாரம் திறப்பு விழாவுக்கு வரும்போது எல்லார் முன்னாலும் வாய் நிறைய "அண்ணா" என்று நீ என்னைக் கூப்பிட வேண்டும்.

உனக்கும் உன் குடும்பத்துக்கும், மூத்தவன் என்ற முறையில் என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு அதன் மேலேயே எழுதுகிறேன், வீட்டில் வேறு உறை இல்லை. நூலகர் அம்மா இப்போதுதான் வந்துவிட்டுப் போனார். அன்று நம் அம்மாவின் பெயரே கொண்ட இன்னொரு தாய்க்கும் இரட்டை ஆண் பிள்ளைகளாம். நான் பார்த்தது அவர்கள் பக்கம். சந்தோஷத்தில் அப்பா பெயரைப் பார்க்கத் தவறிவிட்டேன். நம்முடையது அடுத்த பக்கம். அதில் முதல் குழந்தைதான் நோஞ்சான். கீழே நர்ஸ் எழுதியிருக்கிறார்: "இளையது ஓயாமல் அழுகிறது. மூத்ததன் பக்கத்தில் போட்டதும் தூங்கிவிட்டது."

அண்ணா, உள்ளே இருப்பதைப் பிரிக்காமல் கிழித்துப் போடுங்கள். அண்ணியிடம் காட்ட வேண்டாம். விழாவுக்கு மட்டும் கட்டாயம் வந்துவிடுங்கள்.