வழக்கமான இடம்

மனித இனத்தில் 'ஈஸிதான்' என்றொரு பிரிவு உண்டு. வழி கேட்டால், "நேரா போங்க, அங்க யாரைக் கேட்டாலும் சொல்வாங்க" என்று கையை வீசுகிறாரே, அவர் இதன் தெருவோரக் கிளை. நாம் பார்க்கப்போவது அலுவலகக் கிளை. பஸ் டிக்கெட் விற்கும் ஒரு வலைத்தளத்தை உருவாக்கிப் பராமரிக்கும் அலுவலகத்தில், ஜன்னலோர நாற்காலியில் இருக்கிறார். சக ஊழியர்கள் வைத்த பெயர் ஈஸி அண்ணன்.

அங்கே யார் புதிதாகச் சேர்ந்தாலும் முதல் வேலை, அந்தத் தளத்தின் பிரதியைத் தன் லேப்டாப்பில் ஓடவைப்பது. அதற்கான வழிமுறையை எழுதியவர் அண்ணன்தான். என்ன எழுத்து! 'வாழ்த்துகள்!' என்று தொடங்கி, தேவையானவற்றையெல்லாம் இறக்கிக்கொள்ளச் சொல்லி, கூடவே இருக்கும் பாஸ்வேர்டு ஃபைலை வழக்கமான இடத்தில் வைக்கச் சொல்லி, 'இனி எல்லாம் தானாக ஓடும்' என்று முடியும்.

ஓடாது. ஒருநாளும் ஓடியதில்லை.

புதியவர் திரையில் வரும் சிவப்பு எழுத்துகளோடு காலை முழுக்க மல்லுக்கட்டி, தனக்குத்தான் மூளை போதவில்லை என்று முடிவுகட்டி, தயங்கித் தயங்கி ஜன்னலோரம் போய் நிற்பார். அண்ணன் எழுந்து வருவார். "தள்ளு" என்பார். உட்காரக்கூட மாட்டார். நின்றபடியே குனிந்து தடதடவென்று எதையோ தட்டுவார். தளம் ஓடும். "அவ்ளோதான். ஈஸிதான்!" என்ன தட்டினார்? யார் கண்டது!

இந்தச் சுகமான ஏற்பாட்டுக்கு மேலாளர் அம்மாள் முட்டுக்கட்டை போட்டார். குடும்பத்தோடு கடலோரம் போக அண்ணன் விடுமுறை கேட்டிருந்தார். வீட்டில் மகள் நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டுதான் சாப்பிடவே உட்கார்ந்தாள்.

"தாராளமா போங்க. ஆனா இன்னிக்குச் சேர்ந்த பொண்ணு நீங்க எழுதினதை மட்டும் பார்த்து ஓடவெச்சுக் காட்டட்டும். நீங்க பக்கத்துல உக்காருங்க. வாயைத் திறக்கக் கூடாது, கையை நீட்டக் கூடாது."

"ஈஸி மேடம்."

அந்தப் பெண் வரிவரியாகப் படித்தாள். சொன்னதைச் செய்தாள். பிறகு திரும்பினாள்.

"அண்ணா, வழக்கமான இடம்னா?"

அண்ணன் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு மேலாளரைப் பார்த்தார். "அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே மேடம்..."

"வந்த அன்னிக்கே அவளுக்கு ஏதுங்க வழக்கம்?"

அவள் கொஞ்சம் யோசித்து, ஃபைலைத் தன் முகப்புத் திரையில், பூனைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். "நான் வழக்கமா இங்கதான் வெப்பேன்." திரை சிவந்தது. அண்ணன் முகமும்.

வழிமுறையைத் திருத்தச் சொன்னார் மேலாளர். அண்ணன் திருத்தினார். 'வாழ்த்துகள்' தடித்த எழுத்துக்கு மாறியது. 'தானாக ஓடும்' என்பது 'மிக எளிதாகத் தானாக ஓடும்' ஆயிற்று. மறுபடி சிவப்பு. அதற்குள் மனைவியின் அழைப்பு: "லீவு கிடைச்சுதா இல்லியா? இவ கண்ணாடியைக் கழட்ட மாட்டேங்கிறா!"

"அப்படி என்னதாண்ணா தட்டுவீங்க?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

அண்ணன் தன் விரல்களைப் பார்த்தார். "கைக்குத் தெரியும்மா. எனக்குத் தெரியாது."

"அப்போ உங்க லேப்டாப்புல மெதுவா தட்டுங்க. நான் எழுதிக்கிறேன்."

அண்ணன் தட்டத் தட்ட, வழிமுறையில் இல்லாத சங்கதிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கடைசியில், 'உண்மையிலேயே கடைசி' என்ற பெயரில் ஒரு ஃபைல் வந்தது. அதில்லாமல் தளம் ஓடாது. அதன் மூலப்பிரதி உலகத்திலேயே அண்ணனின் லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது; அங்கிருந்துதான் ஒவ்வொரு புதியவருக்கும் தட்டி இழுத்துப் போட்டிருக்கிறார். அந்த ஃபைல் எல்லாரும் எடுக்கக்கூடிய இடத்துக்கு வந்தது; மற்றதெல்லாம் எழுத்தில் ஏறியது. அவள் முதலிலிருந்து செய்தாள். ஓடியது. விடுமுறை கிடைத்தது.

அண்ணன் கடற்கரையில் போனை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது அடிக்கவில்லை. சிக்னல் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து அவரே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்.

"என்னம்மா, எல்லாம் ஓடுதா?"

"ஓடுதுண்ணா. இன்னிக்கு இன்னொருத்தர் சேர்ந்தாரு. அவரும் தானாவே ஓடவெச்சுட்டாரு."

"சந்தேகம் எதுவும் கேக்கலையா? என்னைத் தேடலையா?"

"இல்லவே இல்லண்ணா. நீங்க நிம்மதியா இருங்க."

நிம்மதி! யாரும் வந்து தயங்கி நிற்காத நாற்காலியில் உட்கார்ந்து என்ன நிம்மதி?

"அப்பா! எப்படிப்பா நீந்துறது?" என்று தண்ணீரிலிருந்து மகள் கத்தினாள்.

அண்ணன் முகம் மலர்ந்தது. "ஈஸிதான்டா! வழக்கமா எல்லாரும் செய்ற மாதிரி கையைக் காலை ஆட்டு!"

ஒரு வாய் உப்புத் தண்ணீரோடு அவள் எழுந்தாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாளைக் கொஞ்சம் தூக்கி, இடப்பக்கம் அழுத்தினால்தான் திறக்கும் என்பதை விருந்தாளியிடம் எப்போது சொன்னீர்கள்? அவர் உள்ளேயிருந்து கதவைத் தட்டிய பிறகுதானே?