பாலத்தில் அடங்காத மூன்று அடி

கணிதத்தை மக்கள் நலனுக்காக முதன்முதலில் பயன்படுத்திய அலுவலகம் எங்கள் பாலப் பிரிவுதான். தற்பெருமை அல்ல, கோப்பிலேயே இருக்கிறது. கோப்பை எழுதியது நான்.

வாய்க்காலின் குறுக்கே ஒரு நடைபாலம். இரண்டு கரையிலிருந்தும் இரண்டு குழுக்கள் கட்டிக்கொண்டே வந்தன. நடுப்பகுதி அடுத்தவர் பொறுப்பு என்று இரு குழுவினரும் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்ததில், மூன்று அடி ஆகாயம் மிஞ்சியது. வெள்ளிக்கிழமை திறப்பு விழா.

"பாலம் தொடர்ச்சியா இருக்குன்னு கணக்குப்படி ஒரு சான்று வேணும்" என்றார் தலைமைப் பொறியாளர். "உங்க அக்கா கணக்கு டீச்சர்தானே? கேட்டுட்டு வாங்க. இல்லேன்னா உங்களுக்கு மாற்றல் உத்தரவு ரெடி."

அக்கா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அவள் பள்ளிக்கூடம் அக்கரையில்.

"தொடர்ச்சின்னா என்னக்கா?"

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அதுதான் அவள் செய்த ஒரே தப்பு.

"பேனாவை எடுக்காம வரைய முடிஞ்சா தொடர்ச்சின்னு பசங்களுக்குச் சொல்லுவோம். ஆனா அது முழுசா சரியில்ல. ஒன்றை எக்ஸால வகுக்குற சார்பை எடுத்துக்க. பூஜ்யத்துல அதுக்கு மதிப்பே கிடையாது. அதனால பூஜ்யம் அதோட சார்பகத்துலயே சேராது."

"சார்பகம்னா?"

"சார்பு எங்கெல்லாம் இருக்கோ அந்த இடமெல்லாம். அங்கெல்லாம் அது தொடர்ச்சியானதுதான். ஓட்டை இருக்குற இடம் கணக்குலயே வராதுடா."

அக்கா காலில் விழாத குறையாக நன்றி சொல்லிவிட்டு ஓடினேன்.

மறுநாள் கூட்டம் மூன்று மணி நேரம் நடந்தது. 'பாலம் உள்ள இடமெல்லாம் பாலம் உள்ளது' என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம்.

"அப்போ அந்த மூணு அடி?" என்றார் தலைமைப் பொறியாளர்.

"அங்கதான் பாலமே இல்லையே சார்! இல்லாத பாலம் எப்படி அறுந்துபோகும்?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இடைவெளியின் இரு முனையிலும் பலகை மாட்டினோம்: 'அடுத்த மூன்று அடி பாலத்தில் அடங்காது.' சான்றில் நானே கையெழுத்துப் போட்டேன்.

திறப்பு விழாவில் தலைமைப் பொறியாளர் இந்தப் பக்கம் ரிப்பன் வெட்டி, பலகைவரை கம்பீரமாக நடந்தார். திரும்பி வந்து காரில் ஏறி, ஊரைச் சுற்றிப் போய், அந்தப் பக்கமும் பலகைவரை கம்பீரமாக நடந்தார். இடப்பக்க எல்லையும் வலப்பக்க எல்லையும் சமம் என்று குறிப்பு எழுதினேன். கைதட்டல் அடங்கவே இல்லை.

பொதுமக்கள் தாண்டப் பழகிக்கொண்டார்கள். பழகுவதற்குள் ஏழு பேர் சேற்றில் விழுந்தார்கள். இருந்தும் 'பாலத்தில் விபத்து: இல்லை' என்று மாதாமாதம் மேலிடத்துக்கு எழுதினோம். பாராட்டுக் கடிதம் வந்தது.

எட்டாவதாக விழுந்தது அக்கா. மழை, வழுக்கல், கை நிறைய விடைத்தாள். விபத்துப் படிவத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலில் மாவுக்கட்டு. ஆனாலும் கடமை இருக்கிறதே.

"விழுந்த இடம்னு ஒரு கட்டம் இருக்கே, பாலம்னு எழுதவா?" என்றாள்.

"பாலத்துல இதுவரைக்கும் யாருமே விழலக்கா. பதிவேட்டுல இருக்கு."

"வாய்க்கால்?"

"அது வேற துறை."

"அப்போ நான் எங்கதான்டா விழுந்தேன்?"

படிவத்தின் பின்பக்கத்தில் வேறு கட்டம் ஏதாவது இருக்கிறதா என்று புரட்டினேன். அக்கா அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பிறகு தலைமாட்டில் இருந்த சிவப்புப் பேனாவை எடுத்து, அந்தக் கட்டத்தில் நிறுத்தி நிதானமாக எழுதினாள்:

'என் தம்பி கையெழுத்துப் போட்ட இடம்.'