பழைய பேப்பர் லோரி வருவதற்குள்

டிவிடி பிளேயரின் பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு மணியம் கூடத்துச் சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். செருக இடமில்லை.

கோலா சாவாவுக்கு உள்ளே இருக்கும் அந்தச் செம்பனைத் தோட்டத்து வரிசை வீடுகளில் கூடத்துக்கு ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தான். கட்டிய காலத்தில் வீட்டில் ஒரு வானொலி இருந்தாலே பெரிய விஷயம். அந்த ஒன்றிலிருந்து கிளம்பிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் இப்போது டிவி, காற்றாடி, சாமி படத்து விளக்கு, ஜன்னல் திட்டில் இரண்டு கொம்போடு உட்கார்ந்திருக்கும் வெள்ளை நெட்டுப் பெட்டி என்று நாலு பேர் குடியிருந்தார்கள்.

டிவி வேண்டும். காற்றாடி நின்றால் மூச்சு முட்டும். சாமி விளக்கை அணைத்தால் நீலாவதி வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவாள். மிஞ்சியது வெள்ளைப் பெட்டி. பல் பிடுங்குகிறவர் மாதிரி ஒரே இழுப்பில் அதன் பிளக்கைப் பிடுங்கினார் மணியம். பச்சைப் புள்ளிகள் அணைந்தன. மனைவி திரும்புவதற்குள் செருகிவிட்டால் ஆயிற்று. வீட்டில் வேறு யாரும் இல்லை. யாருக்கு என்ன நஷ்டம்?

எல்லாம் காலையில் ஆரம்பித்தது. தம்பின் டவுனில் இருக்கும் தன் தம்பி வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குக் கிளம்பிக்கொண்டே நீலாவதி சொல்லியிருந்தாள்:

"ரதி அடுத்த மாசம் பிரசவத்துக்கு வர்றா. தொட்டில எங்க கட்டுறது? உங்க அலமாரி மேலயா?"

"அது டிஸ்க்கு, நீலா. சிரம்பான், மலாக்கான்னு கடை கடையா அலைஞ்சு சேத்தது."

"சாயந்தரம் பழைய பேப்பர் லோரி வரும். ஏத்தி விட்டுருங்க. எல்லாப் படமும் நெட்டுல இருக்கு லா."

"இன்னிக்கு இருக்கும், நாளைக்கு எடுத்துருவான். அவன் குடுக்கறது பாக்கறதுக்கு. நான் வாங்கினது வச்சுக்கறதுக்கு. அத விடு, நம்ம வீட்டு நெட்டையே பாரு. ஒரு வீடு, ஒரு டிவி. அப்பவும் படம் நடுவுல நின்னுக்கிட்டு வட்டம் சுத்துது. நல்ல வேகமான லைன்னு மருமகன் மாட்டிட்டுப் போனாரு. அந்த வேகமெல்லாம் எங்க போச்சு?"

நீலாவதி சட்டென்று குனிந்தாள். சேலை மடிப்பை இழுத்துச் சரிசெய்தாள்.

"உங்க டிஸ்க்கும்தான் சுத்துது" என்றாள் நிமிராமலே.

"என்னுது சுத்துனா படம் ஓடும்."

வாசலில் கார் ஹார்ன் அடித்தது. நீலாவதி செருப்பை மாட்டிக்கொண்டு தீர்ப்பைச் சொன்னாள்.

"சரி. இந்த வரிசையில ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், வாயத் திறந்து 'அண்ணே, ஒரு படம் போடுங்க'ன்னு கேக்கட்டும். அந்த அலமாரிய நான் தொடவே மாட்டேன். தொட்டில சமையக்கட்டுல கட்டிக்கிறேன். லோரி வர்ற வரைக்கும் உங்களுக்கு டைம்."

அதனால்தான் இந்த ஏற்பாடு. கதவைத் திறந்து வைத்து, சத்தமாக ஒரு படத்தைப் போட்டால், போகிற வருகிற யாராவது எட்டிப் பார்க்க மாட்டார்களா?

பிளக் கிடைத்துவிட்டது. இப்போது பிளேயரின் தட்டு வெளியே வர மறுத்தது. பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு முனகல், அவ்வளவுதான். மணியம் கவலைப்படவில்லை. செனவாங் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்த்தே காலம் தள்ளியவர். மூடியைக் கழற்றினார். தட்டை வெளியே தள்ளுவது ஒரு சின்ன மோட்டார். மோட்டாரையும் பல்சக்கரத்தையும் இணைப்பது மோதிர அளவு ரப்பர் வளையம். வருஷக்கணக்கில் சும்மா இருந்தால் அது இறுகி, பிடிமானம் இல்லாமல் வழுக்கும். குறை அதுதான்.

காலையில் சாப்பிட்ட நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தின் ரப்பர் பேண்டைக் குப்பையிலிருந்து எடுத்துக் கழுவி, இரண்டாக மடித்து மாட்டினார். தட்டு பாய்ந்து வெளியே வந்தது. வந்த வேகத்தில் உள்ளே போனது. திரும்ப வந்தது. கரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடியது. வெளியே வந்த ஒரு தருணத்தில் டிஸ்க்கை வைத்து, உள்ளே போனதும் மைலோ டின்னை முன்னால் நகர்த்தி அடைத்தார். டின்னுக்குப் பின்னால் தட்டு முட்டிக்கொண்டே இருந்தது.

அந்த நேரம் பார்த்து, மேட்டு முனையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று குலுங்கிக்கொண்டு திரும்பியது. எதிலோ உரசி, 'டப்'பென்று ஒரு சத்தம்.

"அண்ணே, அக்கா இருக்காங்களா?"

பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி வாசலில் நின்றாள். கையில் போன்.

"தம்பின் போயிருக்கா. என்னம்மா?"

"லைன் இல்லண்ணே. சீரியல் இன்னிக்குக் கடைசி எபிசோட். அந்தப் பொண்ணு கடிதத்தப் பிரிக்கிறா, அப்படியே நின்னுருச்சு." அவள் மணியத்தின் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தாள். "உங்க வீட்ல லைன் இருக்கா?"

மணியம் ஒரு அடி நகர்ந்து ஜன்னலை மறைத்துக்கொண்டார். "எங்க வீட்லயும் இல்ல." பொய் இல்லை.

அவர் சொல்லி முடிப்பதற்குள், கோடி வீட்டு ரவிச்சந்திரன் கைலியோடு வந்தார். பின்னாலேயே அதே வரிசை அகதா. ரந்தாவ் தேவாலயத்தில் காலைப் பூசை முடித்து வந்து, கவுனைக்கூட மாற்றாமல் சீரியலுக்கு உட்கார்ந்தவள்.

"அக்கா எப்ப வருவாங்க?" என்றாள் அகதா.

"ஆமாண்ணே, அண்ணி எப்ப வருவாங்க?" என்றார் ரவிச்சந்திரன்.

தன் மனைவிக்கு இவ்வளவு மதிப்பா என்று மணியத்துக்குப் பெருமையாக இருந்தது. இன்னொன்றும் உறைத்தது. இத்தனை வீட்டிலும் ஒரே நேரத்தில் நெட் செத்துவிட்டது. இதைத்தானே இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எல்லா வீட்லயும் இல்லன்னா கோளாறு வெளியதான்" என்றார். "இப்ப ஒரு குலை லோரி போச்சு, சத்தம் கேட்டீங்களா? கம்பத்து ஒயர இழுத்துட்டுப் போயிட்டான். அந்த ஒயருக்குள்ள என்ன இருக்கு தெரியுமா? கண்ணாடி. முடி மாதிரி மெல்லிசான கண்ணாடி நூல். அதுக்குள்ள வெளிச்சம் சுவத்துல முட்டி முட்டித் திரும்பி ஓடுது. அந்த வெளிச்சம்தான் உங்க சீரியல். நூலு உடைஞ்சா வெளிச்சம் அங்கயே நின்னுரும். எத்தனை வீடு கத்தினாலும் வராது."

மூன்று பேரும் தலையாட்டினார்கள். அகதா மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"கோயில் மேட்டுக்குப் போனா போன்ல பாக்கலாம்" என்றார் ரவிச்சந்திரன். "இந்தப் பள்ளத்துல சிக்னல் ஒரு கோடுகூட ஏறல."

"இந்த வெயில்லயா? உக்காருங்க, அக்கா வந்துரட்டும்" என்றாள் புஷ்பவள்ளி. யாரும் கேட்காமலே எல்லாரும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். கூட்டத்தைப் பார்த்து எதிர் வீட்டுத் தங்கராஜுவும் வந்து, தரையில் கிடந்த பிளக்கைப் பார்த்துத் தாண்டி, காற்றாடிக்கு நேராக நாற்காலியைப் போட்டு, உட்கார்ந்த வேகத்தில் தூங்கிப்போனார்.

இப்போது மணியத்துக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கூடம் நிறைய ஆள். எதிரே அலமாரி நிறையப் படம். ஒருவர் வாயைத் திறந்து கேட்க வேண்டும். தானாகப் போட்டால் செல்லாது. பந்தயம் அப்படி.

அலமாரியைத் திறந்தார். மூடினார். திறந்தார். ஒரு டிஸ்க்கை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். வானவில் சுவரில் ஓடியது.

"அழகா இருக்குல்ல?" என்றார்.

"எங்க வீட்டுக் கத்திரிச் செடில கட்டியிருக்கேன்" என்றாள் புஷ்பவள்ளி. "குருவி வர்றதே இல்ல."

மணியம் அதை விழுங்கிக்கொண்டு டிஸ்க்கைத் துடைக்க ஆரம்பித்தார். "வட்டமா துடைக்கக் கூடாது. நடுவுலேர்ந்து ஓரத்துக்கு நேரா இழுக்கணும். ஏன்னா படம் உள்ள ஆரம்பிச்சு வட்டமா வெளிய போகுது. குறுக்க விழுந்த கீறல பிளேயர் தாண்டிரும். வட்டத்தோட போற கீறல்ல விழுந்துச்சுன்னா ஒரு சீனே போயிரும்."

"அப்படியா" என்றார் ரவிச்சந்திரன், போனைத் தூக்கி உத்தரத்துக்குக் காட்டிக்கொண்டே.

தூரத்தில், ரந்தாவ் சாலைப் பக்கம், ஒலிபெருக்கி கேட்டது. "சுராட் காபார் லாமா... சுராட் காபார் லாமா..." பழைய பேப்பர் லோரி. மணியம் துடைத்த டிஸ்க்கையே திரும்பவும் துடைத்தார். கேளுங்கள், கேளுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினார். தங்கராஜு குறட்டை விட்டார்.

"சும்மா எவ்வளவு நேரம் சுவத்தப் பாக்கறது" என்று புஷ்பவள்ளி கொட்டாவி விட்டாள். "அண்ணே, எதாவது ஒரு படம் போடுங்களேன்."

"என்னம்மா சொன்ன?"

"படம் போடச் சொன்னேன்."

"ரவி, நீ கேட்டுக்கிட்ட இல்ல? அகதா, நீயும் கேட்ட."

"ஒரு படத்துக்கு இத்தனை சாட்சியா?" என்றாள் அகதா.

படம் ஓடியது. கிராமத்து நல்ல அப்பா, பொல்லாத பண்ணையார், ஊரை விட்டுப் போன மகன். கால் மணி நேரத்தில் பண்ணையார் "உன்னை, உன்னை, உன்னை" என்று நின்றுவிட்டார். மணியம் டிஸ்க்கை உருவி, சமையக்கட்டில் பற்பசை போட்டுத் தேய்த்து, கழுவிக் கொண்டுவந்தார். பற்பசையில் நைசான தூள் இருக்கிறது, அது கீறலின் விளிம்பை மழுக்கிவிடும் என்று விளக்கினார். கூடம் புதினா வாசம் அடித்தது. பண்ணையார் தாண்டினார். ஆனால் கூடவே மூன்று சீன்களையும் தாண்டினார். அப்பா ஏன் செத்தார் என்று தெரியாமலே செத்துப்போனார்.

"இடைவேளை" என்று அறிவித்து, இரண்டாவது டிஸ்க்கைப் போட்டார் மணியம்.

இரண்டாவது டிஸ்க்கில் அப்பா காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"செத்தவரு எப்படிண்ணே காபி குடிக்கிறாரு?"

மணியம் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். தீபாவளிக்குத் தூசி தட்டிய நீலாவதி, டிஸ்க்குகளை உறைக்கு உறை மாற்றிப் போட்டிருக்கிறாள். அதே நடிகர்கள், வேறு படம். நிறுத்தலாம். ஆனால் நிறுத்தினால் எல்லாரும் எழுந்து போவார்கள், லோரியோ கோயில் திருப்பத்துக்கு வந்துவிட்டது.

"அது... கனவு" என்றார்.

"எங்க ஆண்டவரே மூணாம் நாள்தான் எழுந்தாரு" என்றாள் அகதா. "இவரு ரெண்டாம் டிஸ்க்குலயே எழுந்துட்டாரு."

புஷ்பவள்ளி சிரிக்க ஆரம்பித்தாள். ரவிச்சந்திரனுக்குப் புரை ஏறியது. பண்ணையார் இப்போது போலீஸ்காரராக வந்து அப்பாவுக்குச் சல்யூட் அடித்தபோது மூன்று பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். சிரிப்பு வாசல் வரைக்கும் கேட்டது. அந்த வாசலில்தான் நீலாவதி பலகாரப் பையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன நடக்குது இங்க?"

"படம்" என்றார் மணியம். "கேட்டாங்க. புஷ்பா கேட்டா. சாட்சி இருக்கு."

"அக்கா, வந்துட்டீங்களா" என்று அகதா எழுந்து, கண்ணால் எதையோ காட்டினாள். நீலாவதியின் பார்வை ஜன்னல் திட்டுக்குப் போனது. வெள்ளைப் பெட்டி இருட்டாக இருந்தது. பார்வை அதன் ஒயரோடு இறங்கி, தரையில் கிடந்த பிளக்கில் வந்து நின்றது.

மணியம் திட்டு வாங்கத் தயாரானார். வரவில்லை. நீலாவதி வாயைத் திறந்தாள், அகதாவைப் பார்த்தாள், புஷ்பவள்ளியைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள்.

அவர்கள் கல்யாண வாழ்க்கையில் மணியம் இப்படி ஒரு மௌனத்தைச் சம்பாதித்ததே இல்லை.

லோரி வாசலில் வந்து நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டினார். "அக்கா, டிஸ்க் குடுக்கறதா சொன்னீங்க?"

"இல்ல, போங்க" என்றாள் நீலாவதி. "குடுக்கல."

லோரி நகர்ந்தது. அந்தப் பாதை முட்டுச்சந்து. கோடி வீடு வரை போய், திரும்பி இதே வழியாகத்தான் வர வேண்டும்.

"நீங்க ஜெயிச்சிட்டீங்க" என்றாள் நீலாவதி, அவசரமாக. "போதும். மொதல்ல அந்தப் பெட்டிய மாட்டுங்க."

"மாட்டி என்ன பண்றது? குலை லோரி ஒயர அறுத்துருச்சு. ஆனாலும் உனக்காக." வெற்றி மணியத்தைத் தாராளமாக்கியிருந்தது. பிளேயரின் பிளக்கை உருவி, அந்த இடத்தில் வெள்ளைப் பெட்டியைச் செருகினார். பெட்டி விழித்தெழ ஓரிரு நிமிஷம் பிடிக்கும். முதலில் ஒரு சிவப்புப் புள்ளி, பிறகு அது துடிக்கும், பிறகு பச்சை. மணியம் அதையும் விளக்கினார். யாரும் கேட்கவில்லை. எல்லார் கண்ணும் புள்ளியில் இருந்தது.

பச்சை வந்தது.

புஷ்பவள்ளியின் போன் 'டிங்' என்றது. அகதாவுடையது. ரவிச்சந்திரனுடையது. கூடம் முழுக்கக் கோயில் மணி மாதிரி.

"பாத்தீங்களா" என்றார் மணியம் வியப்போடு. "இதே நேரத்துல மேட்டுல ஒயர ஒட்டிட்டாங்க."

புஷ்பவள்ளி தரையைப் பார்த்தாள். ரவிச்சந்திரன் கைலியை இறுக்கிக் கட்டினார். அந்தச் சத்தத்தில், மத்தியானம் முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்த தங்கராஜு கண்ணைத் திறந்து, சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்துத் தூரமாக நீட்டிப் பார்த்தார். அகதா அவருக்குக் கையை ஆட்டினாள். அவர் கண்ணாடி போட்டிருக்கவில்லை. வெளியே, கோடி வீட்டில், லோரி திரும்பிக்கொண்டிருந்தது.

"நீலா, லைன் வந்துருச்சும்மா" என்றார் தங்கராஜு. "இனிமே மணியம் அந்த பிளக்கப் பிடுங்கறதுன்னா ஒரு வார்த்தை சொல்லிட்டுப் பிடுங்கச் சொல்லு, நீ பாஸ்வேர்ட் குடுத்த நாள்லேர்ந்து இந்த வரிசை பூரா உங்க வீட்டு லைன்லதானே படம் பாக்குது."