தினம் அரை இஞ்சு

இந்தக் கதை எனக்கு நேராகக் கிடைத்ததல்ல. தையல்காரம்மா என் சித்தியிடம் சொன்னார், சித்தி என்னிடம் சொன்னார். சித்தி வாயில் புகுந்து வரும் எந்தக் கதையும் கொஞ்சம் சதை போட்டுத்தான் வெளியே வரும். சதை என்று தோன்றியதைக் குறைத்துவிட்டு எழுதுகிறேன்.

தையல்காரம்மாவின் கணவர் அஞ்சலகத்தில் கடிதம் பிரிக்கிறவர். சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும் மர அலமாரியில் நூற்று நாற்பது அறைகள். அறைக்கு ஒரு தெரு. விலாசம் பார்த்து உரிய அறையில் கடிதத்தைப் போட வேண்டும். மேல் வரிசை தலைக்கு மேலே ஒரு சாண். இருபத்திரண்டு வருடம் கையைத் தூக்கித் தூக்கி இறக்கியவர், ஒருநாள் சைக்கிளிலிருந்து விழுந்தார். வலது தோளில் எலும்பு விரிசல். கட்டுப் போட்டார்கள், எலும்பு கூடிவிட்டது. ஆனால் கட்டுக்குள்ளேயே கிடந்த மூட்டு இறுகிப்போயிற்று. கை தோள் உயரம் வரை வரும், அதற்கு மேல் வராது.

அலுவலகத்தில் அவரை முத்திரை குத்தும் மேஜைக்கு மாற்றினார்கள். அங்கே ஒரு நாற்காலி. அதில் மெத்தை. பக்கத்தில் ஜன்னல். உட்கார்ந்த மூன்றாம் நாள் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். இந்தக் கை இனி எழக் கூடாது.

அதற்கு வழியும் இருந்தது. இரண்டு மாதம் உடற்பயிற்சி சிகிச்சை, அதன் முடிவில் டாக்டர் பார்ப்பார். கை மேலே போனால் ‘பழைய வேலை’ என்று எழுதுவார். போகாவிட்டால் ‘நிரந்தர இலகு வேலை’. அந்த மூன்று சொல் கிடைத்தால் நாற்காலி ஓய்வு பெறும்வரை அவருடையது.

தினமும் மூன்று வேளை சுவரில் விரல்களை ஊன்றி ஊன்றிக் கையை மேலே ஏற்ற வேண்டும் என்று பிசியோதெரபிப் பெண் சொல்லியிருந்தாள். அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். “ஒண்ணு... ரெண்டு... ஐயோ... மூணு...” என்று குரல் வரும். கட்டிலில் மல்லாந்து படுத்தபடியே எண்ணுவார். ஒருநாள் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் குறட்டை வந்தது.

தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த மனைவி மிஷினை நிறுத்திக் குறட்டையைக் கேட்டார். மறுநாள் சிகிச்சைக்கு அவருடன் கிளம்பினார். அவர் உள்ளே தோளுக்கு ஒத்தடம் வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில் பிசியோதெரபிப் பெண் வாசலுக்கு வந்தாள்.

“அக்கா, மூணு வாரமா அவர் கை எழறது எண்பத்தஞ்சு டிகிரிதான். ஒரு டிகிரி ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. மனுஷன் கை இப்படி நிக்காது. இரும்பு கேட் கம்பிதான் நிக்கும்.”

“வலிக்குதுன்னு கத்தறாரேம்மா.”

“நான் தொடறதுக்கு முன்னாடியே கத்தறாரு.”

“அப்போ வலி இல்லையா?”

“இருக்கு. இல்லேன்னு சொல்லல. ஆனா இப்ப அசைக்கலேன்னா மூட்டு இப்படியே நின்னுரும். ஆபீஸ்ல நாற்காலி கிடைக்கும். வீட்டுல சட்டை போட்டுவிட ஆள் வேணும்.”

“அந்த ஆள் நான்தான். தலையும் நான்தான் சீவிவிடறேன்.”

“பயிற்சின்னு சொன்னா செய்ய மாட்டாரு. ஆசைப்பட்ட ஒண்ணை எடுக்கறதுக்காக அவரா கையை நீட்டணும். கொஞ்சம் கொஞ்சமா.”

கொஞ்சம் கொஞ்சமாக என்பது தையல்காரம்மாவுக்குத் தெரியாத வித்தையா? உடம்பு பெருத்துவிட்டது என்று ஒத்துக்கொள்ளாத வாடிக்கைக்காரர்களின் சட்டையை அவர் ஒரேயடியாகப் பிரிப்பதில்லை. ஒவ்வொரு தடவையும் அரை இஞ்சு விடுவார். “உங்க தையலே தையல், நான் அப்படியே இருக்கேன்” என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

கணவர் ஆசைப்பட்டது எது என்று தேட வேண்டியதில்லை. கைபேசிதான். பள்ளி நண்பர்கள் குழுவில் அவர்தான் நாட்டாமை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு ‘டிங்’. ஒவ்வொன்றுக்கும் தீர்ப்பு சொல்லியாக வேண்டும். பேட்டரி கிழடு, சார்ஜிலிருந்து எடுத்தால் பத்து நிமிடம் தாங்காது. அன்று மாலையே மனைவி துணியில் ஒரு பை தைத்து, நீளமான நாடா வைத்து, சுவிட்சுக்குப் பக்கத்தில் உயரமாக ஓர் ஆணியில் மாட்டினார். பை சரியாக அவர் தோள் உயரத்தில் தொங்கியது. இடது பக்கம் பீரோ மறித்ததால் வலது கையை நீட்டினால்தான் எட்டும்.

“கை வரைக்கும் வச்சிருக்கேன். சிரமம் இல்லையே?”

“நீ ஒருத்திதான் என் நிலைமை புரிஞ்சவ” என்றார் அவர்.

அன்று முதல் தினமும் அவர் அலுவலகம் போனதும் நாடாவில் அரை இஞ்சு மடிப்பு. மடித்த இடம் பைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. விடுமுறை நாளிலும் வேலை நடந்தது, அவர் குளிக்கும்போது.

இரண்டு வாரம் கழித்து அவர் பையின் முன்னால் நின்று யோசித்தார்.

“ஏய், இந்தப் பையை மாத்தி மாட்டினியா?”

“ஆணியைப் பாருங்க. அதே ஆணிதானே?”

பார்த்தார். அதே ஆணிதான். சுற்றியிருந்த சுண்ணாம்புகூட உதிரவில்லை. ஆணியைப் பார்த்தவர் நாடாவைப் பார்க்கவில்லை. இடது கையால் உச்சந்தலையைத் தடவிக்கொண்டு கேட்டார்.

“வயசானா மனுஷன் உயரம் குறையுமா?”

“குறையும்னுதான் சொல்றாங்க” என்றார் மனைவி, பல்லில் நூலைக் கடித்தபடி.

அதோடு அவருக்குத் தூக்கம் போயிற்று. மூக்குக்கு நேராக இருந்த பை கண்ணுக்கு வந்தது. கண்ணிலிருந்து நெற்றிக்குப் போனது. மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இயக்கும் பக்கத்து வீட்டு லிஃப்ட்காரரைத் தனியாகக் கூப்பிட்டுக் கதவோரம் நிறுத்தினார்.

“அண்ணே, யார்கிட்டயும் சொல்லாதீங்க. நான் குள்ளமாயிட்டு வரேன்.”

“எவ்வளவு?”

“தினம் அரை இஞ்சு இருக்கும்.”

லிஃப்ட்காரர் மனதுக்குள் கணக்குப் போட்டார். “அப்போ அஞ்சு மாசத்துல தரை தளம்.”

“சிரிக்காதீங்கண்ணே.”

“நானும் தினம் இறங்கறவன்தான் தம்பி. ஆனா மறுபடி ஏறிடறேன். நீங்க இறங்கிக்கிட்டே இருக்கீங்க.”

கைபேசியை எடுக்கத் தலைக்கு மேலே துழாவுகிற நிலை வந்தது. தோளில் வலி சுருக்கென்றது. ஆனால் ஆள் முழுசாகக் கரைந்துகொண்டிருக்கும்போது தோளைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்?

டாக்டர் பார்க்கும் நாள் வந்தது. எந்த இடத்தில் ‘ஐயோ’, எந்த இடத்தில் ‘அம்மா’ என்று ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் போனார். ஆனால் அறைக்குள் டாக்டர் இன்னும் வரவில்லை. பிசியோதெரபிப் பெண் மட்டும் இருந்தாள். மூலையில் உயரம் அளக்கும் கம்பம் நின்றது. அவருக்கு மனசு தாங்கவில்லை.

“ஒரு உதவிம்மா. என் உயரத்தை அளக்கணும். வீட்டுக்காரிக்குத் தெரிய வேண்டாம்.”

“ஏறி நில்லுங்க சார். என் கையில ஃபைல் இருக்கு, மேல இருக்கற கட்டையை நீங்களே இழுத்துத் தலையில வச்சுக்கங்க.”

அவர் இடது கையில் எக்ஸ்ரே உறை. வலது கையை உயர்த்தி, கட்டையைப் பிடித்து, தலையில் இறக்கினார்.

“நூத்தி அறுபத்தெட்டு. விழுந்தப்போ எழுதினதும் அதேதான் சார்.”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “குறையலையாம்மா? நல்லாப் பாரு.”

“ஒரு புள்ளிகூடக் குறையல. கட்டையை மேலேயே தள்ளி விட்டுடுங்க.”

சந்தோஷத்தில் ஒரே தள்ளு. கை உச்சிக்குப் போனது.

“கையை எடுக்காதீங்க சார்” என்றாள் அவள். கோணம் பார்க்கும் கருவி ஏற்கெனவே அவர் தோளில் இருந்தது. “நூத்தி ஐம்பது டிகிரி டாக்டர்.”

வாசலில் டாக்டர் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் மனைவி.

“கை நல்லா ஓங்கியிருக்கே” என்றார் டாக்டர்.

“எங்க வீட்டுல ஓங்கியிருக்கறது இந்தக் கை இல்ல டாக்டர்” என்றார் அவர். டாக்டர் ‘பழைய வேலை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்து பையைக் கழற்றித் திருப்பினார். நாடா முழுக்க மடிப்பு மேல் மடிப்பு. முப்பத்தாறு. எல்லாம் ஒரே அளவு, ஒரே நேர்த்தி.

“இத்தனை நாளா என்கிட்ட பொய் சொல்லியிருக்கே.”

“எது பொய்?”

“பையை மாத்தினியான்னு கேட்டேன்.”

“ஆணி அதேதானேன்னு கேட்டேன். ஆணி அதேதானே?”

“சரி, மனுஷன் உயரம் குறையும்னு சொன்னியே. அது?”

“சொல்றாங்கன்னு சொன்னேன். சட்டையைக் கழட்டிக் குடுங்க, துவைக்கணும். நீங்களே கழட்டிக்கலாம்.”

அந்த உயரக் கதையாவது பொய்தான் என்று அவர் இன்றும் மேல் வரிசையில் கடிதம் போட்டபடியே பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதாகச் சித்தி சொன்னார். எனக்கும் சந்தேகம் வந்து, நூலகத்தில் ஒரு மருத்துவப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். நாற்பது வயதுக்கு மேல் மனிதர்கள் சுமாராகப் பத்து வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் குறைகிறார்களாம். அந்த அம்மாள் சொன்னதில் பொய் இல்லை. அவசரப்பட்டது அவர்தான்.