அதிகம் கேட்ட பாட்டு

ஆண்டு முடிந்தால் எங்கள் வானொலி நிலையம் அந்த வருஷத்தின் முதல் பத்துப் பாட்டுகளை அறிவித்தாக வேண்டும். பட்டியல் போடுவது எங்கள் பிரிவு. விதி ஒரே வரிதான்: "மக்கள் அதிகம் கேட்ட பாட்டே முதலிடம் பெறும்."

இத்தனை காலமாக இதில் குழப்பமே இல்லை. நேயர்கள் கடிதம் போட்டு எதைக் கேட்கிறார்களோ, அதுதான் கேட்ட பாட்டு. கடிதங்களை எண்ணி முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன். இந்த வருஷம் புது இயக்குநர் வந்தார். வந்த வேகத்தில் விதியைச் சிவப்பு மையில் கோடிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"கேட்டதுன்னா என்னய்யா?"

"விரும்பிக் கேட்டது சார்."

"விரும்பின்னு எங்க போட்டிருக்கு? காதால கேட்டாலும் கேட்டதுதான். அத்தாட்சியோட எண்ணிட்டு வா."

"விருப்பம் என்பது மேற்படி விதியில் இடம்பெறாத பொருள்" என்று கோப்பில் குறிப்பு எழுதினேன். கையெழுத்தும் என்னுடையதுதான், வெட்கக்கேடு. ரேடியோ கேட்டவர்களுக்கு அத்தாட்சி இல்லை. தொலைபேசியில் கேட்டவர்களுக்குத் தொலைபேசி இலாகாவின் கணக்கு இருந்தது. ஆகவே, எல்லா அரசு அலுவலகத்திலும் "தயவுசெய்து காத்திருக்கவும்" என்றதும் ஓடுகிறதே ஒரு டிங்டிங் பாட்டு, அதற்கு முதலிடம். எண்பது லட்சம் தடவை. நாலாயிரம் கடிதம் வந்த பாட்டுக்கு இரண்டாமிடம்.

பட்டியல் வெளியான மறுநாளே இரண்டாமிடத்துக்காரர் நேரில் வந்துவிட்டார். இருபது வருஷம் பிறர் பாட்டுக்கு வயலின் வாசித்துவிட்டு, முதல் தடவையாகச் சொந்த மெட்டுப் போட்டவர். விருது விழாவில் முதலிடத்துக்காரரைப் பற்றி மட்டும்தான் பேசுவார்கள். "மாப்பிள்ளைக்கு வேலை ஏதாவது அமைஞ்சுதா?" என்று இன்னமும் விசாரிக்கிற மாமனாரை, முன்வரிசையில் இடம் சொல்லி அழைத்துவிட்டாராம்.

"அந்தக் கண்றாவியை எவன் சார் கேட்டான்?" என்று கத்தினார்.

இயக்குநர் கணக்கைப் புரட்டினார். "நீங்கதான். உங்க நம்பர்ல இருந்து தினம் முக்கால் மணி நேரம்."

"என் பாட்டு எத்தனாவது இடம்னு விசாரிக்கப் போன் பண்ணேன் சார்! ஒருத்தரும் எடுக்கலை!"

"எடுத்திருந்தா அது முதலிடத்துக்கு வந்திருக்குமா?" என்றார் இயக்குநர் நிதானமாக. "ஆட்சேபணையை எழுதிக் கொடுங்க. என்ன ஆச்சுன்னு போன்ல கேட்டுக்கங்க."

விழா நாளில் அரங்கம் நிறைந்திருந்தது. டிங்டிங்கை யார் போட்டார்கள் என்று எவருக்கும் தெரியாததால் விருதை இயக்குநரே பெற்றுக்கொண்டார். பிறகு பாட்டை ஒலிக்கவிட்டார்கள். அமைச்சர் உள்பட அத்தனை பேர் கையும் தானாகக் காதுக்குப் போனது. என் கையும் போனது. பாட்டு நின்ற பிறகும் ஒருவரும் கைதட்டவில்லை. யாராவது எடுப்பார்கள் என்று காத்திருந்தோம்.

முன்வரிசையில் மாமனார் மட்டும் நெகிழ்ந்துபோய் மருமகன் பக்கம் சாய்ந்தார்.

"எந்த ஆபீசுக்குப் போன் பண்ணாலும் இதுதானே வருது! உங்களுதா மாப்பிள்ளை?"

வயலின்காரர் காதிலிருந்து கையை எடுத்தார்.

"ஆமா மாமா."