ஒரு புகார் கிடைக்குமா?

"மூணு வருஷத்துல ஒரு புகார் கூடவா வரல?"

மதிப்பீட்டாளர் புகார்ப் பதிவேட்டை முன்னாலிருந்து பின்னாலும் பின்னாலிருந்து முன்னாலும் புரட்டிவிட்டுக் கேட்டார். அத்தனை பக்கமும் வெள்ளை வெளேரென்று இருந்தது.

ஆதாரம் சார் நெஞ்சை நிமிர்த்தினார். "ஒண்ணு கூட இல்ல சார்."

பாராட்டு வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. மதிப்பீட்டாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ஏசி பதினெட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

ஆதாரம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. யார் எதைச் சொன்னாலும் "ஆதாரம் எங்கே?" என்று கேட்பதால், ஆய்வகத்தின் பத்தொன்பது பேரும் ஒருமனதாக வைத்தது. வீட்டிலும் அதே கதைதான். உப்பு சரியாகத்தான் இருக்கிறது என்று மனைவி சொன்ன ஒரு மதியம், "ஆதாரம்?" என்று கேட்டுவிட்டு மாலை வரை பட்டினி கிடந்திருக்கிறார்.

ஏணி, ஸ்டூல், ஊஞ்சல் என்று மனிதர்கள் ஏறுகிற, உட்காருகிற சாமான்களுக்கு எடை ஏற்றி, ஆட்டிப் பார்த்து, 'தாங்கும்' என்றோ 'தாங்காது' என்றோ எழுதிக் கொடுப்பது அந்த ஆய்வகத்தின் வேலை. அந்தத் தாளின் மூலையில் அங்கீகார வாரியத்தின் முத்திரை இருந்தால் கடல் தாண்டியும் அது செல்லும். அந்தக் கரையில் யாரும் ஏணியை மறுபடி ஆட்டிப் பார்க்க மாட்டார்கள். முத்திரை இல்லையென்றால், துறைமுகத்தில் ஏணிகளைப் படுக்கப் போட்டுவிட்டு ஒன்றாம் நம்பரிலிருந்து சோதிப்பார்கள். மூன்று மாதம் ஆகும்.

அந்த முத்திரைக்கு இன்றோடு காலம் முடிகிறது. அதைப் புதுப்பிக்கலாமா என்று பார்க்கத்தான் வாரியத்திலிருந்து மதிப்பீட்டாளர் வந்திருந்தார். வெள்ளிக்கிழமை கப்பல். அதில் ஏற வேண்டிய ஏணிக்காரரின் கண்டெய்னரில் ஆயிரத்து இருநூறு ஏணிகள். "கவலையே படாதீங்கண்ணே, நான் இருக்கேன்" என்று ஆதாரம் சார் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

"புகார் வந்தா எப்படி விசாரிக்கணும்னு பதினாலு பக்கத்துக்கு எழுதி வச்சிருக்கோம் சார்," என்றார்.

"எழுதினது இருக்கு. செஞ்சதுக்கு?" மதிப்பீட்டாளர் ஒருமுறை மூலையைப் பார்த்துவிட்டு, குரலை உயர்த்திக் கேட்டார். "ஆதாரம் எங்கே?"

தன் சொந்தக் கேள்வி தன் மேலேயே வந்து விழுந்ததை ஆதாரம் சார் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

"சாயங்காலம் நாலு மணிக்குள்ள ஏதாவது காட்டுங்க. இல்லேன்னா குறைன்னுதான் எழுதணும்." மதிப்பீட்டாளர் மறுபடியும் மூலையைப் பார்த்தார்.

மூலையில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். வயது நாற்பத்தைந்து இருக்கும். மடியில் ஒரு நோட்டு, கையில் ஒரு பிஸ்கட். காலையில் அறிமுகக் கூட்டம் நடந்தபோது ஏணிக்காரர் ஐந்தாவது தடவையாகப் போன் செய்ததால் ஆதாரம் சார் தாழ்வாரத்தில் நின்றிருந்தார். திரும்பி வருவதற்குள் எல்லோரும் யார் யார் என்று சொல்லி முடித்துவிட்டார்கள். கேட்கவா வேண்டும்? மதிப்பீட்டாளர் பேசப் பேச எழுதிக்கொள்கிறார் என்றால் தொழில் பழக வந்தவர்தானே. இந்த வயதில் புது வேலையா, பாவம் என்று நினைத்து, ஆட்டம் கண்ட நாற்காலியாக இருந்தாலும் பரவாயில்லையென்று அவருக்கு ஒன்று போட்டுக் கொடுத்திருந்தார்.

"மேடம், இந்த ஃபைலைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க," என்று கொடுத்துவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். பெண்மணி பிடித்துக்கொண்டார்.

முதல் போன் ஏணிக்காரருக்கு.

"அண்ணே, எங்க மேல உங்களுக்கு ஏதாவது குறை இருக்கா?"

"குறையா? உங்க மேலயா? சேச்சே!"

"சும்மா சொல்லுங்கண்ணே. மனசுல வச்சுக்காதீங்க. சின்னதா இருந்தாலும் பரவாயில்ல."

ஏணிக்காரர் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, உண்மையைச் சொல்லுங்க. என் ஏணி உடைஞ்சிடுச்சா?"

"ஏணி நல்லா இருக்கு. நீங்க ஒரு புகார் கொடுத்தா எனக்கு உதவியா இருக்கும்."

"உங்க மேல புகார் கொடுத்தா உங்களுக்கு உதவியா? எனக்குத் தலை சுத்துது தம்பி. உங்களைச் சோதிக்க வந்தவரு என்னதான் சொல்றாரு? அவர் செய்றது சரியான்னு யாராச்சும் பார்க்க மாட்டாங்களா?"

"அவருக்கு மேல ஆகாயம்தான் அண்ணே. நீங்க போனை வைங்க."

ஒருவரிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை, முறையாக எல்லோரிடமும் கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தார். வாடிக்கையாளர் அத்தனை பேருக்கும் ஒரு மெயில் தட்டினார். 'எங்கள் சேவையில் உங்களுக்குக் குறை இருந்தால் இன்று மாலை நான்கு மணிக்குள் தவறாமல் தெரிவிக்கவும்.' நாற்பது பேரில் ஒருவருக்காவது வயிற்றெரிச்சல் இல்லாமலா இருக்கும்? நம்பிக்கையோடு டீ குடிக்கப் போனார்.

அந்த மெயிலைப் படித்தவர்களுக்கு அதில் தெரிந்தது வேறு. நாலு மணிக்கு ஆய்வகத்தைப் பூட்டப் போகிறார்கள் என்று ஊஞ்சல்காரர் சொன்னார். பூட்டியே விட்டார்கள் என்று நாற்காலிக்கார அம்மா சொன்னார். ஏணிக்காரர்தான் தலைமை ஏற்றார். நம்ம ஆதாரம் தம்பியைக் கைவிடுவதா? உட்கார்ந்து உருகி உருகி ஒரு பாராட்டுக் கடிதம் எழுதி, எல்லோருக்கும் அனுப்பி, 'கீழே உங்கள் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்' என்றார்.

இரண்டரை மணிக்குப் பதினோரு கடிதங்கள் வந்து சேர்ந்தன.

"'இப்படியொரு ஆய்வகம் ஈரேழு உலகிலும் இல்லை,'" என்று மதிப்பீட்டாளர் முதல் கடிதத்தை வாசித்தார். இரண்டாவதை எடுத்தார். "'இப்படியொரு ஆய்வகம் ஈரேழு உலகிலும்...'" மூன்றாவதை வாசிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். "பதினோரு பேருக்கும் ஒரே மாதிரி வாய் வருமா சார்?"

"நான் பாராட்டைக் கேட்கவே இல்ல சார். புகாரைத்தான் கேட்டேன்."

"ஆதாரம்?"

"மெயில் இருக்கு."

மதிப்பீட்டாளர் மெயிலைப் பார்த்தார். மூலையைப் பார்த்தார். கைக்குட்டையைப் பிழிந்தால் ஒரு டம்ளர் வரும்போல் இருந்தது. "இதையும் நான் குறிச்சுக்கணும். நடுநிலைமை பத்தின விஷயம் இது."

ஒரு குறையைத் தீர்க்கப் போய் இரண்டாகிவிட்டது. ஆதாரம் சார் தாழ்வாரத்துக்கு வந்து சுவரில் சாய்ந்தார். ஆயிரத்து இருநூறு ஏணிகளும் கண்ணுக்குள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. நான் இருக்கேன் என்று சொன்ன வாய் உலர்ந்துபோனது. அப்போதுதான் பளிச்சென்று தோன்றியது. குறை சொல்லவே தெரியாத உலகம் என்று எவன் சொன்னான்? வீட்டில் ஒரு ஆள் இருக்கிறாளே!

"என்னங்க, இந்த நேரத்துல?" என்றாள் மனைவி போனில்.

"எங்க ஆய்வகத்து மேல உனக்கு ஏதாவது குறை இருக்கா?"

"உங்க மேலயா, ஆய்வகத்து மேலயா?"

"ஆய்வகத்து மேல மட்டும்."

"அந்த சமையலறை ஸ்டூல்தான். பெட்டிக்குள்ள உங்க அறிக்கை நம்பரும் கையெழுத்தும் போட்ட சீட்டு இருந்துச்சே. ஏறினா கடகடன்னு ஆடுது. ரெண்டு மாசமா சொல்றேன். சொல்லும்போதெல்லாம் 'ஆதாரம்'னு கேட்டா நான் என்ன, ஸ்டூலையா தூக்கிட்டு வர்றது?"

"தூக்கிட்டு வா," என்றார் ஆதாரம் சார். கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு ஆசையாக அவர் அவளைக் கூப்பிட்டதில்லை.

மூன்று இருபதுக்கு ஆட்டோவிலிருந்து ஸ்டூலோடு இறங்கினாள். வாசலில் காவலாளி மறித்தார். உள்ளே வருகிற யாராக இருந்தாலும் எங்கிருந்து வருகிறார், வந்த காரியம் என்ன என்று பதிவேட்டில் எழுத வேண்டும். அது ஆதாரம் சார் போட்ட சட்டம். 'புகார் செய்ய' என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டு அவள் உள்ளே வந்தாள்.

ஸ்டூலை மதிப்பீட்டாளரின் மேஜைக்கு முன்னால் வைத்து ஒரு தட்டுத் தட்டினாள். கடகடவென்று ஆடியது.

ஆதாரம் சார் ஸ்டூலைக் கையால் பிடித்து நிறுத்தினார். புகார் கிடைத்தால் போதும் என்றுதான் ஓடினாரே தவிர, புகார் உண்மையாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. ஆடுகிற ஸ்டூலை நிலையானது என்று எழுதியிருந்தால், அதே கையெழுத்துப் போட்ட ஏணி அறிக்கையை யார் நம்புவார்கள்?

ஆனால் பதினாலு பக்கத்தையும் எழுதியவர் அவர். எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தூக்கத்திலும் சொல்வார்.

"இந்த அறிக்கையில கையெழுத்து போட்டது நான். புகார் கொடுத்தது என் மனைவி. அதனால இதை நான் விசாரிக்கக் கூடாது," என்றார் தெளிவாக. "நம்ம மெக்கானிக் பார்க்கட்டும். அந்தச் சோதனையில அவர் இல்ல."

மூலையில் பெண்மணியின் பேனா சற்று வேகமாக ஓடியது.

மெக்கானிக் புகாருக்கு நம்பர் போட்டார். மனைவியிடம் ரசீது கொடுத்தார். பழைய அறிக்கையையும் படங்களையும் எடுத்தார். ஸ்டூலைச் சமதளமான இரும்பு மேடையில் வைத்து, தலைகீழாகக் கவிழ்த்து, நான்கு கால்களையும் அளந்தார். ஆதாரம் சார் நகத்தைக் கடித்தபடி கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார்.

"நாலு காலும் ஒரே அளவுதான் சார்," என்றார் மெக்கானிக் கடைசியில். "ஆனா ஒரு காலுக்கு மட்டும் அடியில ரப்பர் குல்லா இல்ல. சோதிச்சப்போ எடுத்த படத்துல நாலு குல்லாவும் இருக்கு. யாரோ கழட்டியிருக்காங்க."

"வீட்டுல யாரு கழட்டுவாங்க?" என்றாள் மனைவி.

கண்ணாடிக் கதவு மெதுவாகத் திறந்தது.

"நான்தான்," என்றார் ஆதாரம் சார்.

மதிப்பீட்டாளர் பேனாவை உயர்த்தினார். "ஆதாரம் இருக்கா?"

"எங்க வீட்டு வாஷிங் மெஷினுக்கு அடியில இருக்கு சார். ரெண்டு மாசத்துக்கு முன்னால அது ஆடுச்சு."

அறையில் முதல் சிரிப்பு மனைவியுடையது. புகார்ப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் மெக்கானிக் நிதானமாக எழுதினார். கண்டறிந்த காரணம்: புகார்தாரரின் கணவர். செய்ய வேண்டியது: ரப்பர் குல்லாவைத் திரும்ப மாட்டுதல். இனி நடக்காமல் தடுக்க என்ன வழி என்று யோசித்துக்கொண்டு அவர் நிமிர்ந்தபோது மனைவி, "அதை நான் பார்த்துக்கறேன்," என்றாள். அதையும் எழுதிக்கொண்டார்.

மணி மூன்று ஐம்பத்தெட்டு. மதிப்பீட்டாளர் நடந்த அத்தனையையும், அங்கிருந்தவர்கள் யாருமே கேட்காதபோதும், விதி எண்களோடு சத்தமாகச் சொல்லிச் சரிபார்த்தார். பாராட்டுக் கடிதங்களை, மெயிலைச் சாட்சியாக வைத்து, வாடிக்கையாளர் கருத்து என்ற ஃபைலுக்கு மாற்றச் சொன்னார். இரண்டு குறைகளையும் அடித்தார். முத்திரையைத் தொடரலாம் என்று கையெழுத்துப் போட்டார். பிறகு மூலையைப் பார்த்தார். பெண்மணி நோட்டை மூடி, லேசாகத் தலையாட்டினார். மதிப்பீட்டாளர் அப்படியே நாற்காலியில் சரிந்து, காலையிலிருந்து ஆறிக் கிடந்த டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

ஆதாரம் சார் ஏணிக்காரருக்குப் போன் போட்டார். "அண்ணே, கப்பல்ல ஏத்துங்க!" மறுமுனையில் ஏணிக்காரர் அழுதாரா சிரித்தாரா என்று தெரியவில்லை. இவருக்கும் கண் கலங்கத்தான் செய்தது.

வழியனுப்பப் போன இடத்தில், காரில் ஏறப்போன பெண்மணியிடம் இரண்டு நல்ல வார்த்தை சொல்ல ஆசைப்பட்டார். நாள் முழுக்க ஃபைல் பிடித்தவர் அல்லவா!

"மேடம், உங்க சார்கிட்ட நல்லா கத்துக்கோங்க. விவரமான மனுஷன். கொஞ்சம் பயந்த சுபாவம்தான், அதை மட்டும் விட்டுடுங்க. உங்களுக்கு நல்ல எதிர்காலம் இருக்கு."

மதிப்பீட்டாளருக்குப் புரையேறியது. பெண்மணி புன்னகைத்தார். "அவசியம் எழுதிக்கறேன்," என்று சொல்லி நிஜமாகவே நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டார்.

கார் போனதும் ஆதாரம் சார் கையை வீசிக்கொண்டு வாசலுக்கு வந்தார். மனைவி ஸ்டூல் மேல் உட்கார்ந்திருந்தாள். காவலாளி வழக்கம்போல் அன்றைய பதிவேட்டைக் கையெழுத்துக்கு நீட்டினார்.

"எல்லாரும் ஒழுங்கா எழுதினாங்களா?"

"எழுதினாங்க சார். அந்த ஐயா வந்த காரியம் 'ஆய்வகத்தைச் சோதிக்க'ன்னு எழுதினாரு. பின்னாடியே வந்த அம்மா, கடல் தாண்டின வாரியத்துல இருந்து வர்றதாச் சொல்லி, 'இவர் ஒழுங்காச் சோதிக்கிறாரான்னு சோதிக்க'ன்னு எழுதினாங்க. நான் சும்மா விடுவேனா, ஆதாரம் கேட்டுப் பார்த்துட்டுத்தான் சார் உள்ள விட்டேன்."