பதின்மூன்றாவது டேக்

தோசை சரியில்லை என்று சம்பத் மூன்றாவது முறை சொன்னதும் ராணி அடுப்பை அணைத்தாள்.

"நடுவுல ஒண்ணரை மில்லிமீட்டர். ஓரத்துல மூணு," என்றார் சம்பத், வெர்னியர் காலிப்பரைத் தோசையிலிருந்து எடுத்துத் துடைத்தபடி. "இதுவே பம்ப் பார்ட்டா இருந்தா ரிஜெக்ட்."

"அப்ப துண்ணாதீங்க."

"துண்ணமாட்டேன்னு சொல்லலியே. கண்டிஷனலா அக்செப்ட் பண்றேன்."

சம்பத், அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்ப் செய்யும் கம்பெனி ஒன்றின் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை பார்த்து, போன மாதம் ரிடையர் ஆனவர். பிரிவுபசார விழாவில் அவருக்குச் சந்தன மாலை போட்டு, புது வெர்னியர் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். அதைக் கொடுத்தவர்கள் நன்றாக இருக்கமாட்டார்கள் என்பது ராணியின் கருத்து.

கம்பெனியில் சம்பத் தொடாத பொருள் வாசலைத் தாண்டியதில்லை. தேறினால் பச்சை டேக், திருத்த வேண்டுமென்றால் மஞ்சள், தேறாவிட்டால் சிவப்பு. டேக்கில் இன்ஸ்பெக்டர் பெயர் இல்லாவிட்டால் அது செல்லாது. ரிடையராகித் திருவேற்காட்டு வீட்டில் உட்கார்ந்த முதல் வாரத்திலேயே குக்கரில் ஒரு சிவப்பு டேக் தொங்கியது. மிக்ஸியில் மஞ்சள். பக்கத்து வீட்டு வேம்புலியம்மாள் காபித்தூள் கடன் வாங்க வந்தபோது, டப்பாவின் கழுத்தில் ‘பாஸ் – சம்பத்’ என்று பச்சைச் சீட்டு ஆடியதைப் பார்த்துவிட்டு, "சாமிக்கு வேண்டிக்கினு கட்டிக்கிறியா ராணி?" என்று பயபக்தியோடு கேட்டாள்.

தோசை விவகாரம் நடந்த அன்று ராணி தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

"ஊடு பூரா ஒயர் கூடையா தொங்குது. நான் பின்னது பன்னெண்டு கீது. நம்ம பொண்ணு தேவி ஆன்லைன்ல கடை தொறந்து வச்சிக்கிறா. அத நீங்க பாத்துக்கங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள பன்னெண்டும் வித்துட்டா, நீங்க ஊட்லயே இருங்க, நான் ஒண்ணும் சொல்லல. ஒண்ணு மிச்சமானாலும் திங்கக்கிழமை காலைல என் தம்பி கடைக்குப் போய் கல்லால குந்திக்கங்க."

சம்பத்துக்குச் சாப்பிட்ட தோசை, நடுப்பகுதி ஓரப்பகுதி என்ற பேதமில்லாமல் கல்லாக இறங்கியது.

ராணியின் தம்பி ராகவன் ஆவடியில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தான். மச்சினன் கடைக் கல்லாவில் உட்கார்ந்து, மச்சினன் வாங்கித் தரும் டீயைக் குடித்து, "மாமா, அரை இஞ்ச் ஆணி கால் கிலோ போடுங்க" என்று மச்சினன் சொல்லக் கேட்பதைவிட, குக்கரோடு சேர்ந்து தானும் ரிஜெக்ட் ஆகிவிடலாம் என்று சம்பத்துக்குத் தோன்றியது.

அக்கா போன் செய்து விஷயத்தைச் சொன்னபோது ராகவன் மூன்று முறை "ஹலோ, ஹலோ" என்றான். பிறகு, "அதுக்கென்னக்கா, மாமாவுக்கு இல்லாத கடையா," என்றான். லைன் சரியில்லை போலிருந்தது.

அன்று மாலை மகள் தேவிப்பிரியா ஆபீஸிலிருந்து வந்து கம்ப்யூட்டரைத் திறந்தாள். "ஒவ்வொரு கூடைக்கும் பதிமூணு டேக் போடலாம்ப்பா. வாங்கறவங்க தேடும்போது அத வச்சுதான் நம்ம கூடை வரும். இதுதான் ரொம்ப முக்கியம்."

டேக் முக்கியம் என்று அந்த வீட்டில் ஒருவர் வாயால் சொல்லி சம்பத் கேட்பது அதுதான் முதல் தடவை. அவர் கண்கள் பனித்தன.

"நீ போய்ப் படும்மா. இது நம்ம டிபார்ட்மென்ட்."

மறுநாள் முழுக்க உட்கார்ந்து கூடை கூடையாக அளந்து டேக் போட்டார். ‘கைப்பிடி இடப்பக்கம் சாய்வு’, ‘அடிப்பாகம் லேசான ஆட்டம்’, ‘ஐந்து கிலோவுக்கு மேல் பொறுப்பல்ல’, ‘நீலம் என்று சொன்னாலும் முழு நீலமல்ல’. இன்ஸ்பெக்‌ஷன் என்றால் குறையைச் சொல்வது. நிறையைச் சொல்வது மார்க்கெட்டிங். மார்க்கெட்டிங் ஆட்களோடு சம்பத் கேன்டீனில்கூட ஒரே மேசையில் உட்கார்ந்ததில்லை.

சாயங்காலம் வரை கடையை ஒரே ஒருவர்தான் எட்டிப் பார்த்திருந்தார். அது தேவிப்பிரியா.

"அப்பா! யாராவது ‘ஆட்டம் ஆடற கூடை வேணும்’னு தேடுவாங்களா? ஜனங்க எத தேடுவாங்களோ அத போடணும்ப்பா."

இது நியாயமாகப் பட்டது. அடுத்த நாள் காலையில் சம்பத் பேனாவும் பேப்பருமாகத் தெருவில் இறங்கினார்.

"வேம்புலிக்கா, போன்ல நீங்க என்னா தேடுவீங்க?"

"மூட்டு வலிக்கு மருந்து தேடுவேன். எங்க கீது? எல்லாம் டூப்பு."

இஸ்திரி வண்டிக்காரர் தங்கம் விலை தேடுவதாகச் சொன்னார். மாடி வீட்டு அம்மா ‘மாப்பிள்ளை தேவை’. பால் வாங்க வந்தவர் ‘இன்று மின்தடை எங்கே’. சம்பத் பதின்மூன்று கட்டத்தையும் ஜனங்களின் வாழ்க்கையால் நிரப்பினார்.

கடையில் கூட்டம் அலைமோதியது. மதியத்துக்குள் கேள்விகள் வந்து விழுந்தன. சம்பத் ஒன்றுக்கும் பொய் சொல்லவில்லை.

‘இந்தக் கூடையைத் தூக்கினால் மூட்டு வலி போகுமா?’ என்று ஒருவர் கேட்டிருந்தார்.

‘காய்கறியோடு தூக்கினால் வரும். போகாது,’ என்று பதில் போட்டார்.

பூந்தமல்லியிலிருந்து ஒருவர் மகளின் ஜாதகத்தை அனுப்பி, பையனைப் பற்றிய விவரம் கேட்டிருந்தார். சம்பத் நேர்மையாக, ‘சிவப்பு நிறம். உயரம் ஒன்றரை அடி. இரண்டு கைப்பிடி உண்டு’ என்று எழுதினார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமிருந்து பெண்ணின் தாய்மாமன் போன் செய்தார். அவர் பேசியதை சம்பத் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.

மாலையில் ஆன்லைன் தளத்திலிருந்தே ஓலை வந்துவிட்டது. பொருளுக்குச் சம்பந்தமில்லாத டேக்குகள். இன்னொரு முறை நடந்தால் கடையை மூடிவிடுவார்களாம்.

"மஞ்ச டேக் குடுத்துட்டானுங்க," என்றார் சம்பத்.

"சிவப்பு வந்துச்சுன்னா நேரா ஆவடிதான்," என்றாள் ராணி. அவள் அவருடைய வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்து வாங்கி வைத்திருந்தாள். திங்கட்கிழமைக்குத்தான்.

சம்பத் பயந்துபோய் எல்லா டேக்கையும் அழித்துவிட்டு, கூடை எதற்கெல்லாம் உண்மையிலேயே பயன்படும் என்று யோசித்தார். வேம்புலியம்மாள் வீட்டுப் பூனை, ராணி வெயிலில் வைத்திருந்த கூடைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. சம்பத் உடனே ‘பூனைப் படுக்கை’ என்று ஒரு டேக் போட்டார்.

அது பலித்துவிட்டது. காட்டுப்பாக்கத்திலிருந்து ஒரு பெண், பூனைக்காகக் கூடை வேண்டும் என்று எழுதினாள். ராணி சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

சம்பத் பதில் அனுப்பினார். ‘பூனையின் நீளம், அகலம், எடை தெரிவிக்கவும். வாலுடன் தனி, வால் இல்லாமல் தனி.’

அந்தப் பெண் பொறுமைசாலி. பூனையைப் பிடித்து அளந்து, கையில் பட்ட கீறலைப் படமெடுத்து, அளவுகளையும் அனுப்பினாள். சம்பத் கணக்குப் போட்டுப் பார்த்து, மனசாட்சி உறுத்த, ‘மன்னிக்கவும். உங்கள் பூனை இந்தக் கூடைக்குத் தேறாது’ என்று எழுதிவிட்டார்.

"வந்த ஒரே கிராக்கி!" என்று ராணி தலையில் அடித்துக்கொண்டாள். "பூனைய ரிஜெக்ட் பண்ணி அனுப்பிட்டியேய்யா!"

"பூனை ஓவர்சைஸ் ராணி. நாளைக்கு கம்ப்ளெய்ன்ட் வந்தா யாரு பதில் சொல்றது?"

சனிக்கிழமை தேவிப்பிரியா லீவு. அப்பாவை ஒரு நாற்காலி தள்ளி உட்காரவைத்துவிட்டு, அவளே டேக் போட்டாள். ஒயர் கூடை, பின்னல் பெயரில் சிவன் கண் கூடை, நெல்லிக்காய்க் கூடை, கோயில் கூடை, தாம்பூலக் கூடை என்று பன்னிரண்டு வந்தது. பதின்மூன்றாவதற்கு ஒன்றும் தோன்றவில்லை.

"காலியா வுட்டா தப்பில்லப்பா."

"கட்டம் இருந்தா நிரப்பணும்," என்றார் சம்பத். அந்த வாரத்தில் அவர் உறுதியாகச் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான். "இன்ஸ்பெக்டர் பேரு இல்லாத டேக்கு செல்லாது." எட்டி, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். சம்பத்.

"அப்பா, உலகத்துல எவன்ப்பா உன் பேரப் போட்டுக் கூடை தேடுவான்?"

"தேடறதுக்கில்ல. பொறுப்புக்கு."

அன்று மாலை ராகவன் சமோசா வாங்கிக்கொண்டு வந்தான். வந்தவன் கூடைகளைத்தான் முதலில் எண்ணினான்.

"இன்னா மாமா, பன்னெண்டும் அப்டியே கீது?"

"நாளைக்கு வரைக்கும் டைம் கீது மச்சான்."

"இருக்கட்டும், இருக்கட்டும்." ராகவன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "கடைல ஃபேனுக்குக் கீழ சேர் போட்டு வச்சிக்கிறேன். அன்னிக்கு ஒரு நாள் பாத்துக்கினீங்களே, கஸ்டமருங்க இன்னும் உங்களத்தான் சொல்லிகினு கீறாங்க."

போன தை மாதம் ராகவன் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, சம்பத்தான் லீவு போட்டு ஒரு பகல் கடையைப் பார்த்துக்கொண்டார். ராகவன் திரும்பி வந்தபோது போல்ட்டுகள் பச்சை, மஞ்சள், சிவப்பு டேக்கோடு மூன்று குவியலாக இருந்தன. சம்பத்துக்கு அதில் ஒரு பெருமிதம் உண்டு. அன்று வியாபாரம்தான் கொஞ்சம் மந்தம்.

"மாமா, காமெடி கேளு," என்றாள் தேவிப்பிரியா. "அப்பா அவர் பேரயே டேக்கா போட்டு வச்சிக்கிறாரு."

"அப்ப ‘சம்பத்’துனு அடிச்சா நம்ம கூடை வருமா?"

"அது மட்டும்தான் வரும்."

ராகவன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். பிறகு டீயைப் பாதியில் வைத்துவிட்டு, கடையில் வேலை இருக்கிறதென்று கிளம்பிப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை காலை சம்பத் இஸ்திரிச் சட்டையைப் பார்த்தபடி காபி குடித்துக்கொண்டிருந்தபோது கம்ப்யூட்டர் ‘டிங்’ என்றது. யாரோ நிஷாவாம். முத்தாபுதுப்பேட்டை. பன்னிரண்டு கூடையும் வேண்டுமாம். அளவு கேட்கவில்லை, கலர் கேட்கவில்லை, விலையில் ஐந்து ரூபாய்கூடக் குறைக்கச் சொல்லவில்லை. பணத்தையும் முழுசாகக் கட்டிவிட்டாள்.

ராணி திரையில் தொகையை இரண்டு முறை படித்தாள். பிறகு உள்ளே போய், தன் ஆயுளிலேயே மிக வட்டமான ஒரு தோசையை ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். சம்பத் அதை அளக்காமலே தின்றார்.

பிறகு ராகவனுக்குப் போன் போட்டார்.

"மச்சான், தப்பா நினைச்சிக்காத. கடைக்கு வர முடியாது. பிசினஸ் பிக்கப் ஆயிடுச்சு."

"ஐயய்யோ, அப்டியா மாமா?" என்றது ராகவன் குரல், வாய் நிறைய எதையோ மென்றபடி. "மனசே உடஞ்சி போச்சு மாமா. சோறு எறங்கல."

கூரியர்காரன் மறுநாள் வருவான். ஆனால் சம்பத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு பொருள் ஏன் ஃபெயில் ஆனது என்று மட்டுமல்ல, ஏன் பாஸ் ஆனது என்றும் கண்டுபிடிக்க வேண்டும், அதுதான் முறை. அந்தப் பதின்மூன்றில் எது வேலை செய்தது? அது தெரிந்துவிட்டால், ராணி அடுத்து பின்னப் போகும் நூறு கூடையையும் அதே டேக்கில் தள்ளிவிடலாம். இனி ஆயுசுக்கும் ஆவடி இல்லை.

தோளுக்கு ஆறாகக் கூடைகளை மாட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினார்.

"இன்னா அண்ணாத்தே, கூடைக்கு உள்ள நீ கீறியா, வெளில கீறியா?" என்றார் டிரைவர். "ரெண்டு சீட்டு காசு குடுத்துரு."

சம்பத் சந்தோஷமாகக் கொடுத்தார். வழியெல்லாம் காற்று நன்றாக வந்தது. பக்கத்தில் இருந்த அம்மாளிடம், வலிய, "எல்லாம் டேக்லதாம்மா கீது," என்றார். அந்த அம்மாள் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

முத்தாபுதுப்பேட்டை வீட்டில் கதவைத் திறந்த நிஷா கல்லூரி முடித்து ஒரு வருடம் ஆனவளைப் போல இருந்தாள். கூடை மூட்டைக்கு நடுவில் தெரிந்த முகத்தைப் பார்த்து, "டெலிவரியாண்ணா? இப்டி வராண்டாவுல வச்சிருங்க," என்றாள்.

சம்பத் அவளைத் திருத்தவில்லை. கூடைகளை இறக்கிவைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து டேக்குகள் எழுதிய பேப்பரை எடுத்தார். பேனாவைத் திறந்தார்.

"ஒரே ஒரு கேள்விம்மா. கம்பெனி ரெக்கார்டுக்கு. எத்தினியோ கூடை கீது உலகத்துல. நீ என்னா வார்த்தையப் போட்டுத் தேடி இந்தக் கூடையப் புடிச்ச?"

நிஷா சிரித்தாள்.

"ஐய, கூடை எனக்கில்லண்ணா! நான் போன மாசத்துலேருந்து ஆவடில ஒரு ஹார்டுவேர் கடைல பில் போடறேன். எங்க ஓனரு ராகவன் சார்தான் நேத்து ராத்திரி போன் பண்ணி, ‘சம்பத்துனு அடிம்மா, வர்ற கூடைய மொத்தமா வாங்கிப் போட்ரு, ஒண்ணு மிச்சமானாலும் அந்த மனுசன் திங்கக்கிழமை வெர்னியர எடுத்துகினு நம்ம கடைக்கு வந்துருவாரு’ன்னு அழுவாத குறையா சொன்னாரு."